சனிக்கிழமை ஏறும், திங்கட்கிழமை இறங்கும்

கைப்பேசியும் வீடும் புதிய இணைய முகவரிக்கு மாறிவிட்டன. அலுவலகங்கள் மட்டும் ஏன் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன?

கூகுள் தளங்களுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் வருகிறார்கள் என்பதை அந்நிறுவனம் 2008 முதல் கணக்கெடுத்து வரைபடமாக வெளியிட்டு வருகிறது. கோடு ஆண்டுக்கு ஆண்டு மேலே போகிறது. உலக அளவில் பாதியை எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு நேராக இல்லை, ரம்பப் பல் போல இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் ஏறுகிறது. திங்கட்கிழமை இறங்குகிறது. வெள்ளி வரை இறங்கியே கிடந்து, சனிக்கிழமை மறுபடி ஏறுகிறது.

இதற்கான காரணம் எளிது. விடுமுறை நாளில் மக்கள் வீட்டு இணைப்பிலும் கைப்பேசியிலும் இருக்கிறார்கள். வேலை நாளில் அலுவலக வலையமைப்பில் இருக்கிறார்கள். வீட்டுக்கு இணைப்பு தரும் நிறுவனங்களும் கைப்பேசி நிறுவனங்களும் மாறிவிட்டன. அலுவலகங்களில் பெரும்பாலானவை மாறவில்லை.

இந்தியாவில் இந்த முரண் இன்னும் பளிச்சென்று தெரியும். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோ, முதலிலிருந்தே ஐபிவி6-ஐ அடிப்படையாக வைத்துத் தன் 4ஜி வலையமைப்பைக் கட்டியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர, ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆனது. நாட்டின் இணையப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று அதில்தான் இருக்கிறார்கள். காலையில் பேருந்தில் கைப்பேசியில் வீடியோ பார்த்தபடி ஐபிவி6-இல் வருகிற ஊழியர், அலுவலக வைஃபையில் இணைந்த நொடியில் 1981-இல் எழுதப்பட்ட நெறிமுறைக்குத் திரும்பிவிடுகிறார்.

429 கோடியும் போதவில்லை

இணையத்தில் ஒரு கருவி இன்னொன்றோடு பேச இரண்டுக்கும் முகவரி வேண்டும். இன்றும் அலுவலகங்கள் பயன்படுத்தும் ஐபிவி4 முறையில் ஒரு முகவரியின் நீளம் 32 பிட். அந்த நீளத்தில் 429 கோடிக்குச் சற்று அதிகமான முகவரிகளே கிடைக்கும். 1970-களின் பிற்பகுதியில் இந்த அளவு முடிவானபோது, இணையம் ஒரு சோதனை முயற்சியாகவே இருந்தது. அந்த முடிவில் முக்கியப் பங்கு வகித்த விண்ட் செர்ஃப் இதைப் பலமுறை பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். 1981 செப்டம்பரில் நெறிமுறை எழுத்து வடிவம் பெற்றது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. சோதனைக்கென எடுத்த அளவே நிலைத்துவிட்டது.

முகவரிகள் அள்ளிக் கொடுக்கப்பட்ட காலம் அது. எம்ஐடி பல்கலைக்கழகம், ஆப்பிள், ஃபோர்டு போன்றவை ஒவ்வொன்றும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கொண்ட முழுத் தொகுதியைப் பெற்றன. 1990-களில் இணையம் பொதுமக்கள் கைக்கு வந்ததும் கையிருப்பு கரையத் தொடங்கியது. மாற்றாக வகுக்கப்பட்ட ஐபிவி6 நெறிமுறையின் முதல் வடிவம் 1995 டிசம்பரிலும், திருத்திய வடிவம் 1998 டிசம்பரிலும் வந்தன; 2017 ஜூலையில் அது முழுமையான இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது. நான்குக்கு அடுத்து ஐந்து வராமல் ஆறு வந்ததற்கும் காரணம் உண்டு. ஐந்து என்ற எண் ஒலி, ஒளி ஓட்டத்துக்கான ஒரு சோதனை நெறிமுறைக்கு முன்பே போய்விட்டது.

உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை அடங்கிய ஆசிய பசிபிக் மண்டலத்தில் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்றே பங்கீட்டு முறை வந்துவிட்டது. வட அமெரிக்காவில் 2015 செப்டம்பரிலும் ஐரோப்பாவில் 2019 நவம்பரிலும் இருப்பு தீர்ந்தது. ஆசிய பசிபிக் பதிவகத்தில் இன்று புதிதாகச் சேரும் நிறுவனம் ஒன்றுக்கு அதிகபட்சம் 512 ஐபிவி4 முகவரிகள்தான்.

ஐபிவி6 முகவரியின் நீளம் 128 பிட். மொத்த எண்ணிக்கையைச் சொல்ல 340 என்று எழுதி அதன்பின் 36 சுழியங்கள் போட வேண்டும். எழுதும் விதமும் வேறு. தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவைக்கு ஐபிவி4-இல் 8.8.8.8 என்று முகவரி, மனப்பாடமாகச் சொல்லலாம். அதே சேவைக்கு ஐபிவி6-இல் 2001:4860:4860:0000:0000:0000:0000:8888. தொடர்ந்து வரும் சுழியக் கூட்டத்தை ஒரே ஒருமுறை இரட்டைப் புள்ளிகளால் சுருக்கலாம் என்பது விதி. ஆகவே 2001:4860:4860::8888 என்று எழுதினால் போதும். பெரும்பாலான முகவரிகள் இத்தனை எளிதாக இருப்பதில்லை; பதினாறடிமான எண் முறை என்பதால் எண்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து வரும்.

நாட் தந்த நிம்மதி

முகவரி தீர்ந்தும் அலுவலகங்கள் முடங்கவில்லை. காரணம் ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றி. 1994-இல் முன்வைக்கப்பட்ட இந்த உத்தி, அலுவலகத் தொலைபேசியின் போர்டு நம்பரையும் எக்ஸ்டென்ஷன்களையும் ஒத்தது. வெளியுலகுக்கு ஒரே எண்; உள்ளே ஆளுக்கோர் எண். உள்ளே பயன்படுத்த 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தொகுதிகள் அதே ஆண்டில் ஒதுக்கப்பட்டன. இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் கணினிகள் உள்ள அலுவலகம் ஒரே ஒரு பொது முகவரியில் ஓடும்.

வலி இல்லாத இடத்தில் வைத்தியத்துக்கு அவசரம் வராது. கைப்பேசி நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் புதிய வாடிக்கையாளர்கள். முகவரி தேவை அன்றாட நெருக்கடி. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. மாறினால் நாளைக்கே லாபம் என்று நிர்வாகத்திடம் காட்ட எந்த எண்ணும் இல்லை. ஐடி பிரிவின் வேலைப் பட்டியலில் ஐபிவி6 ஒவ்வோர் ஆண்டும் கடைசி வரியில் நிற்பது இதனால்தான்.

ஆனால் செலவு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது அது வெளிப்படும். இரண்டும் உள்ளே 192.168.1 தொகுதியையே வைத்திருக்கும். வாங்கிய நிறுவனத்தில் 192.168.1.10 ஒரு பிரிண்டர்; வாங்கப்பட்ட நிறுவனத்தில் அதே எண்ணில் கணக்குப் பிரிவின் சர்வர். இரண்டையும் ஒரே வலையில் இணைக்க வேண்டுமானால் ஒரு பக்கம் முழுக்க எண் மாற்ற வேண்டும், அல்லது நடுவில் இன்னொரு நாட் வைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது வழிதான் நடக்கிறது. பிறகு ஒரு கோளாறு வந்தால் எந்த எண் எந்த இடத்தில் எதுவாக மாறியது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்.

நேரடிப் பணச் செலவும் வந்துவிட்டது. திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011-இல் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது, முகவரிக்கு 11.25 டாலர். அன்றிலிருந்து ஐபிவி4 முகவரி விற்று வாங்கும் சரக்காகிவிட்டது. அமேசானின் கிளவுட் சேவை, 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. பார்க்கச் சில்லறைதான். நூறு முகவரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 4,380 டாலர், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐபிவி6 முகவரிக்கு அந்தக் கட்டணம் இல்லை.

பத்தாம் தொகுதியும் தீர்ந்தது

உள் முகவரிகள் தீரவே தீராது என்ற நம்பிக்கையும் பெரிய நிறுவனங்களில் உடைந்தது. 10 என்று தொடங்கும் தொகுதியில் 1 கோடியே 67 லட்சம் எண்கள் உண்டு. அமெரிக்காவின் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், வாடிக்கையாளர் வீடுகளில் உள்ள மோடம்களையும் செட்டாப் பெட்டிகளையும் நிர்வகிக்க இந்த எண்களைத்தான் வைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பல எண்கள் தேவைப்பட்டதால் 2005 வாக்கிலேயே தொகுதி போதாமல் போனது. அந்நிறுவனம் ஐபிவி6-இல் முன்னோடியானது ஆர்வத்தால் வந்ததல்ல, இடநெருக்கடியால் வந்தது.

மைக்ரோசாஃப்டின் நிறுவன வலையமைப்பும் இதே சுவரில் முட்டியது. உள் எண்கள் தீர்ந்துகொண்டிருந்தன. வாங்கிய நிறுவனங்களின் எண்கள் மோதிக்கொண்டன. இரண்டு நெறிமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது இரட்டை வேலையாகவும் இருந்தது. ஆகவே அலுவலகப் பிரிவுகளை ஐபிவி6 மட்டுமே உள்ள வலைக்கு மாற்றும் முயற்சியில் அது இறங்கியது. ஃபேஸ்புக் தன் தரவு மையங்களின் உள்போக்குவரத்தில் பெரும்பகுதியை ஐபிவி6-க்கு மாற்றிவிட்டதாக 2014-இலேயே தெரிவித்தது. கூகுளின் அலுவலக வலையில் 2008-இல் சில பொறியாளர்களின் பகுதிநேர முயற்சியாகத் தொடங்கிய மாற்றம் பின்னர் நிறுவனம் முழுவதும் பரவியது. அதை நடத்தியவர்கள் 2011-இல் ஒரு மாநாட்டில் தம் அனுபவத்தை வெளியிட்டபோது, சாதனத் தயாரிப்பாளர்கள் தாளில் சொல்லும் ஐபிவி6 ஆதரவுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தையே பெரிய பாடமாகச் சொன்னார்கள்.

அழைக்காமல் வந்த விருந்தாளி

‘எங்கள் அலுவலகத்தில் ஐபிவி6 இல்லை’ என்று சொல்லும் நிர்வாகிகளில் பெரும்பாலோர் தவறாகச் சொல்கிறார்கள். 2007-இல் வந்த விஸ்டா முதல் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அது இயல்பாகவே இயங்குகிறது. மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் அப்படியே. எந்த அலுவலகக் கணினியிலும் கட்டளைத் திரையைத் திறந்து ஐபி முகவரி விவரத்தைக் கேட்டால், பழைய முகவரிக்குப் பக்கத்தில் ‘எஃப்இ80’ என்று தொடங்கும் இன்னொரு முகவரி நிற்கும். யாரும் தராமலே அந்தக் கணினி தனக்குத்தானே சூட்டிக்கொண்ட ஐபிவி6 எண் அது. அதை வைத்து அதே வலைப்பிரிவில் உள்ள மற்றக் கணினிகளோடு பேச முடியும்.

யாரும் கவனிக்காத இந்தப் பாதையில் ஆபத்து வரும். ஐபிவி6-இல் ரவுட்டர்கள் ‘நான் இருக்கிறேன், இதுதான் இங்குள்ள முகவரித் தொகுதி’ என்று அவ்வப்போது அறிவிப்பு விடும்; கணினிகள் அதைக் கேட்டு நம்பித் தமக்கு முகவரி அமைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் யாராவது போலி அறிவிப்பு விட்டால் அந்தப் பிரிவின் போக்குவரத்து அவர் கணினி வழியாகத் திரும்பும். ஸ்விட்சில் இதைத் தடுக்கும் காப்பு வசதி உண்டு. ஆனால் ஐபிவி6 இல்லை என்று நம்பும் அலுவலகத்தில் அதை யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். ஐபிவி4-ஐ மட்டும் மூடிக் கொண்டுபோகும் விபிஎன்னும் இதே வகைச் சிக்கல்தான்: ஊழியரின் வீட்டில் ஐபிவி6 இருந்தால், பாதுகாப்பாகப் போவதாக அவர் நினைக்கும் போக்குவரத்தில் ஒரு பகுதி விபிஎன்னுக்கு வெளியே போகும்.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓர் ஓட்டை இதற்குச் சரியான சான்று. தனியாகத் தயாரித்த ஐபிவி6 பொட்டலங்களை அனுப்பி விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்தே கைப்பற்ற வழி தந்த அந்தக் குறைக்கு, பத்துக்கு 9.8 என்ற கடுமை மதிப்பு தரப்பட்டது. ஐபிவி6-ஐ நிறுவனம் பயன்படுத்தியதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. கணினியில் அது இயங்கினாலே போதும். அப்படியானால் எல்லாக் கணினியிலும் அணைத்துவிடலாமே என்று தோன்றும். விண்டோஸின் சில பகுதிகள் அதைச் சார்ந்தே இயங்குவதால் அப்படி அணைப்பதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை.

முட்டுக்கட்டைகள்

மாற நினைக்கும் நிறுவனத்துக்குத் தடை ரவுட்டரில் இருப்பதில்லை; பத்தாண்டுகளாக விற்கப்படும் தரமான ரவுட்டர்களும் ஃபயர்வால்களும் ஐபிவி6 அறிந்தவையே. தடை பெரும்பாலும் மென்பொருளில் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்துக்கென்று எழுதிய பழைய புரோகிராமில், முகவரி சேமிக்கும் தரவுத்தள நெடுவரிசைக்கு 15 எழுத்து அகலம் வைத்திருப்பார்கள். 255.255.255.255 என்ற மிக நீண்ட ஐபிவி4 முகவரிக்கு அது சரியாகப் போதும். ஐபிவி6 முகவரிக்கு 39 எழுத்து வேண்டும். முதல் ஐபிவி6 வாடிக்கையாளர் வரும் அன்று அந்த வரி வெட்டுப்படும், அல்லது புரோகிராம் நின்றுபோகும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அடுத்தது, சுவரில் மாட்டிய கருவிகள். வருகைப் பதிவு இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, பழைய பிரிண்டர், லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி என ஐபிவி4 மட்டுமே தெரிந்தவை எல்லா அலுவலகத்திலும் உண்டு. இவற்றை மாற்ற வேண்டியதில்லை. தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்தால் ஆயுள் முடியும்வரை ஓடும்.

மூன்றாவது சிக்கல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உரியது. இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கி, ஒன்று விழுந்தால் மற்றதற்குத் தாவுவது அங்கே வழக்கம். நாட் இருக்கும்வரை உள்ளே எதுவும் மாறாது. ஐபிவி6-இல் இரண்டு இணைப்பும் இரண்டு வெவ்வேறு தொகுதிகளைத் தரும்; தாவும்போது உள்முகவரிகளே மாறும். பெரிய நிறுவனங்கள் பதிவகத்திடமிருந்து சொந்தத் தொகுதி வாங்கி இதைத் தீர்க்கின்றன. அதற்கு ஆண்டுக் கட்டணமும், ரவுட்டிங் தெரிந்த ஆளும் வேண்டும். சிறியவர்களுக்கு இன்னும் எளிய விடை வரவில்லை.

நான்காவது, பழக்கம். நாட் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் ஐடி ஆட்களிடம் ஊறியிருக்கிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது ஃபயர்வால். நாட் வெறும் எண் மாற்றிதான். ஐபிவி6 ஃபயர்வாலிலும் உள்ளிருந்து கேட்காத எதையும் உள்ளே விடாதே என்று ஒரே விதி எழுதினால் அதே காப்பு கிடைக்கும். இன்னொரு பழக்கம் இன்னும் கெடுதல்: வலையமைப்பின் நிலையைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்திகளை, பிங் உட்பட, மொத்தமாக அடைப்பது. ஐபிவி4-இல் இது பெரும்பாலும் தெரியாமல் ஓடிவிடும். ஐபிவி6-இல் பெரிய பொட்டலத்தை வழியில் உள்ள ரவுட்டர் உடைத்து அனுப்பாது. ‘இது பெரிது, சின்னதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பி வழியே திருப்பிச் சொல்லும். அந்தச் செய்தியை ஃபயர்வால் விழுங்கினால், இணைப்பு கிடைத்தும் பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாளே ‘ஐபிவி6 சரியில்லை’ என்று கைவிட்ட அலுவலகங்கள் பலவற்றில் குற்றவாளி இந்த ஒரு விதிதான்.

எந்த வரிசையில் மாறுவது

மாற்றத்துக்கு மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. ஐபிவி4-க்குள் ஐபிவி6-ஐப் பொதிந்து அனுப்பும் சுரங்கப் பாதை தொடக்க காலத்துக்கு உதவியது; இன்று அலுவலகங்களுக்கு அது தேவையில்லை. இரண்டு நெறிமுறைகளையும் ஒன்றாக ஓட்டும் இரட்டை அடுக்கு இரண்டாவது. ஐபிவி6 மட்டும் ஓட்டி, பழைய தளங்களுக்குப் போகும்போது எல்லையில் மொழிபெயர்க்கும் ‘நாட்64’ மூன்றாவது.

இரட்டை அடுக்கில் எதுவும் சட்டென்று உடையாது. உலாவிகள் இரண்டு வழியையும் முயன்று, ஐபிவி6 கால் நொடியளவு தாமதித்தாலே ஐபிவி4-க்கும் ஒரு கை நீட்டிவிடும். பயனருக்குத் தெரியாது. அதே காரணத்தால் கோளாறும் வெளியே தெரியாது என்பதுதான் அதன் கெடுதல். தவிர, ஃபயர்வால் விதி முதல் கண்காணிப்பு வரை எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டும்.

அனுபவப்பட்ட நிறுவனங்கள் வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையைப் பின்பற்றுகின்றன. முதலில் பொது இணையதளம், டிஎன்எஸ், மின்னஞ்சல். பல நிறுவனங்களின் தளம் ஏற்கெனவே ஏதேனும் ஓர் உள்ளடக்க விநியோக வலையமைப்பின் (சிடிஎன்) பின்னால் இருப்பதால், அங்கே ஓர் அமைப்பை மாற்றினாலே தளம் ஐபிவி6-இல் கிடைக்கும். மின்னஞ்சலில் மட்டும் கவனம் வேண்டும்: ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் அஞ்சலுக்கு, அந்த எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு இல்லாவிட்டால் ஜிமெயில் ஏற்காது.

அடுத்து முகவரித் திட்டம். ஓர் அலுவலகத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் தொகுதியில் 65,536 வலைப்பிரிவுகள் அமைக்கலாம். ஐபிவி4-இல் பழகிய கை இங்கும் சிக்கனம் பிடிக்கப் பார்க்கும். அது வேண்டாத சிக்கனம். நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் கட்டடம், இரண்டாவது மாடி, கடைசி இரண்டும் பிரிவு என்று பிரித்தால், 2314 என்பதைப் பார்த்ததும் இரண்டாம் கட்டடம், மூன்றாம் மாடி, பதினான்காம் பிரிவு என்று படித்துவிடலாம்.

மூன்றாவது விருந்தினர் வைஃபை, பிறகு ஊழியர்களின் மேசைகள், கடைசியாக உள்சர்வர்கள். இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கணினிகளுக்கு முகவரி வழங்கிப் பதிவேட்டில் எழுதிவைக்கும் டிஹெச்சிபி முறையையே ஐபிவி6-இலும் வைத்துக்கொள்ள நிர்வாகிகள் விரும்புவார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசி அந்த முறையில் தனக்கு முகவரி கேட்காது, தானே அமைத்துக்கொள்ளும். ஒரே கணினி பல முகவரிகள் வைத்திருப்பதும், தனியுரிமைக்காக அவற்றை அவ்வப்போது மாற்றுவதும் ஐபிவி6-இல் இயல்பு. எனவே எந்த நேரத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்ற பதிவை ஸ்விட்சிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் எடுத்துச் சேர்க்கப் பழக வேண்டும்.

இரட்டை அடுக்கிலிருந்து அடுத்த படிக்கும் இப்போது சுலபமான ஏணி இருக்கிறது. 2020 அக்டோபரில் தரமாக்கப்பட்ட ஒரு வசதியில், ஐபிவி4 முகவரி கேட்டு வரும் கருவி ‘அது இல்லாமலும் என்னால் ஓட முடியும்’ என்று சேர்த்துச் சொல்லும். உடனே சர்வர் ‘அப்படியானால் வேண்டாம்’ என்று அனுப்பிவிடும். புதிய கைப்பேசிகளும் மேக் கணினிகளும் இப்படி ஐபிவி6-இல் மட்டும் ஓட, பழைய பிரிண்டர் அதே வலையில் ஐபிவி4 வாங்கிக்கொள்ளும். ஆளுக்கு ஆள் கேட்டு மாற்ற வேண்டியதில்லை.

அரசுகளின் கெடு

சந்தை தள்ளாத இடத்தில் அரசுகள் தள்ளிப் பார்த்தன. அமெரிக்க மத்திய அரசு 2005-இலேயே தன் துறைகளுக்கு முதல் கெடு வைத்தது. 2020 நவம்பரில் வந்த புதிய ஆணை, 2025 நிதியாண்டின் முடிவுக்குள் துறைகளின் ஐபி கருவிகளில் 80 சதவீதம் ஐபிவி6-இல் மட்டும் இயங்க வேண்டும் என்றது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-இலும் 2013-இலும் தேசிய வழித்திட்டங்களை வெளியிட்டது. 2014 ஜனவரி 1 முதல் நிறுவனங்களுக்குத் தரும் புதிய இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 போக்குவரத்தைச் சுமக்கத் தகுதியுள்ளவையாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் திட்டத்தின் விதிகளில் ஒன்று.

எனவே இணைப்பு பல அலுவலகங்களின் வாசல் வரை வந்து நிற்கிறது. உள்ளே கணினிகளும் தயார். நடுவில் உள்ள ஃபயர்வாலும், பழைய புரோகிராம்களும், அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களின் பழக்கமும்தான் மிச்சம். இவற்றை ஒரே ஆண்டில் மாற்ற எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஒரேயடியாக மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்று வாங்கும் ஸ்விட்ச், கேமரா, வருகைப் பதிவு இயந்திரம், மென்பொருள் எல்லாம் இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் இருக்கப்போகின்றன. ‘ஐபிவி6-இல் மட்டும் இயங்கும் வலையிலும் எல்லா வசதிகளோடும் வேலை செய்ய வேண்டும்’ என்ற ஒரு வரியை அடுத்த கொள்முதல் ஆணையில் சேர்க்கத் தனிச் செலவு எதுவும் இல்லை.